டயட்டீஷியன் ஆக என்ன படிக்க வேண்டும், வேலை உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி: மகள் பிளஸ் டூவில் உயிரியல் பிரிவு. மருத்துவப் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. டயட்டீஷியன் ஆகப்போகிறேன் என்கிறாள். எடை குறைக்க சார்ட் எழுதிக் கொடுக்க ஐந்து வருடம் படிக்க வேண்டுமா என்று வீட்டில் கேட்கிறார்கள். என்ன படிக்க வேண்டும், எங்கே படிக்க வேண்டும், இதை நம்பிப் பிழைக்க முடியுமா?

பதில்:

நான் பல வருடமாக மருத்துவமனைகளில் டயட்டீஷியனாக இருக்கிறேன். உங்கள் வீட்டில் கேட்ட கேள்வியை என் வீட்டிலும் கேட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன்.

வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வரும் ஒரு பெரியவர். இரத்தத்தில் பொட்டாசியம் 5.5-ஐத் தாண்டக் கூடாது, அவருக்கு 6.4 வந்திருந்தது. இன்னும் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகிவிடும். முந்தின மாதமும் இதே கதை. "அப்படி என்னதான் சாப்பிடுறார்னு கொஞ்சம் பாருங்கம்மா" என்று சிறுநீரக மருத்துவர் என்னிடம் அனுப்பினார். பெரியவரையும் மருமகளையும் உட்கார வைத்துக் கேட்டேன். இளநீர்? "தொடுறதே இல்ல மேடம்." வாழைப்பழம், ஆரஞ்சு, சாத்துக்குடி ஜூஸ்? கிடையாது. காய்? "நீங்க சொன்ன மாதிரி பொடிசா நறுக்கி, ஊறவெச்சு, நெறைய தண்ணியில வேகவெச்சு, வடிச்சுட்டுத்தான் தாளிக்கிறேன்." எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "வேற என்னம்மா?" என்றேன். ஒன்றுமில்லை என்றார். பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டில் யார் யாருக்கு என்ன சமையல் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு மறுபடியும் கேட்டேன், "மாமாவுக்குன்னு தனியா வேற என்ன வாங்குறீங்க?" அப்போதுதான் சொன்னார்: "உப்பில்லாம மாமாவுக்குச் சோறு எறங்க மாட்டேங்குது. அதனால வீட்டுக்காரரு சோடியம் கம்மியான உப்பு பாக்கெட் வாங்கிட்டு வந்தாரு. கிட்னிக்கு நல்லதாம்ல?"

சோடியம் குறைத்த உப்பில், குறைத்த சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. இரத்த அழுத்தம் மட்டும் இருப்பவருக்கு அது உதவக்கூடும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு விஷம் மாதிரி. காயை வடித்து வடித்துப் பொட்டாசியத்தை வெளியேற்றிய கையாலேயே அந்த அம்மா அதைத் திரும்பக் குழம்பில் போட்டுக்கொண்டிருந்தார், அத்தனை அக்கறையோடு. பாக்கெட்டை நிறுத்தினோம். மிளகு, சீரகம், பூண்டு என்று வேறு வழிகளில் ருசி கொண்டுவரச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த மாதம் 5.1.

அந்தப் பாக்கெட்டைக் கண்டுபிடிக்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டும், சிறுநீரகம் என்ன செய்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும், சமையல் தெரிந்திருக்க வேண்டும். இவ்வளவும் தெரிந்தாலும், இரண்டாவது முறை கேட்கத் தெரியாவிட்டால் பயனில்லை. சார்ட் எழுதுவது கடைசிப் பத்து நிமிடம். வேலை அதற்கு முன்னால் இருக்கிறது.

இப்போது படிப்பு. பிளஸ் டூவில் வேதியியலும் உயிரியலும் இருந்தால் வழி சுலபம். சில கல்லூரிகள் மனையியல் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்கின்றன. இளங்கலையில் பி.எஸ்சி. நியூட்ரிஷன் அண்டு டயட்டெடிக்ஸ், கிளினிக்கல் நியூட்ரிஷன், ஃபுட்ஸ் அண்டு நியூட்ரிஷன், மனையியல் என்று கல்லூரிக்குக் கல்லூரி பெயர் மாறும். பெயரைப் பார்க்காதீர்கள், பாடத்திட்டத்தைப் பாருங்கள். உடலியங்கியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உணவு அறிவியல், மருத்துவ உணவியல், சமுதாய ஊட்டச்சத்து, பெரிய அளவுச் சமையல் நிர்வாகம் ஆகியவை இருக்க வேண்டும். சமையல் ஆய்வகம் இல்லாத கல்லூரி என்றால் தாண்டிப் போய்விடுங்கள். அதற்குப் பிறகு எம்.எஸ்சி. இரண்டு வருடம், மருத்துவமனையில் 6 மாத இன்டர்ன்ஷிப். இவை முடிந்தால் இந்திய டயட்டெடிக் சங்கம் நடத்தும் 'ரெஜிஸ்டர்டு டயட்டீஷியன்' தேர்வை எழுதலாம். 1963-இல் தொடங்கிய சங்கம் அது. பெயருக்குப் பின்னால் ஆர்.டி. என்ற இரண்டு எழுத்து இருந்தால் பெரிய மருத்துவமனைகளில் கதவு சீக்கிரம் திறக்கும். தேர்வு லேசானதல்ல, இன்டர்ன்ஷிப்பில் தூங்கியவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்றும் முக்கியம். 2021-இல் மத்திய அரசு இணைநிலை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் கொண்டுவந்தது. பிசியோதெரபி, லேப் டெக்னாலஜி போல டயட்டீஷியன், நியூட்ரிஷனிஸ்ட் இருவரும் அதன் பட்டியலில் வருகிறார்கள். அதுவரை நம் நாட்டில் யார் வேண்டுமானாலும் பலகை மாட்டிக்கொள்ளலாம் என்ற நிலைதான். இப்போது ஒரே மாதிரிப் பாடத்திட்டம், பதிவேடு, மாநில கவுன்சில் என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கிறது. படிப்பின் அமைப்பும் கால அளவும் இதனால் மாறும். சேரும்முன் கல்லூரியில் நேராகக் கேளுங்கள்: இந்தப் பட்டம் ஆணையத்தின் பதிவுக்குச் செல்லுமா, எத்தனை மாதம் மருத்துவமனைப் பயிற்சி, எந்த மருத்துவமனையில்? மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள். மூன்று மாத ஆன்லைன் சான்றிதழ், வார இறுதி டிப்ளமோ இவற்றுக்குப் பணம் கட்ட வேண்டாம். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு மருத்துவமனை வார்டுக்குள் கால் வைக்க முடியாது.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்குப் பழைய வேர் உண்டு. கோயம்புத்தூர் அவினாசிலிங்கம், சென்னையில் ராணி மேரி கல்லூரி, எத்திராஜ், மகளிர் கிறித்தவக் கல்லூரி என்று இந்தப் பாடத்தில் நெடுநாள் பெயர் பெற்ற இடங்கள் இருக்கின்றன. அதற்கும் முன்னால் குன்னூர். இன்று ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1918-இல் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில், ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் ஒரே அறையில் தொடங்கிய, பெரிபெரி என்ற சத்துக்குறைவு நோய்க்கான ஆய்வுப் பிரிவுதான். நாட்டின் பல பகுதிச் சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து அவர் வளர்த்துப் பார்த்தார். கோதுமை ரொட்டி, பால், தயிர், பருப்பு, காய் தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. தீட்டிய அரிசியையே பெரும்பாலும் தின்ற நம் பக்கத்துச் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாக நின்றன. ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத் போனது. பின்னாளில் அதை நடத்தி, ஊட்டச்சத்துக் குறைவைப் பற்றி உலகமே கவனிக்கும்படி எழுதிய டாக்டர் சி. கோபாலன் சேலத்துக்காரர். நாங்கள் தினமும் புரட்டும் இந்திய உணவுகளின் சத்து அட்டவணை அந்த நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. 528 உணவுகள், ஒவ்வொன்றிலும் என்ன எவ்வளவு என்று அதில் இருக்கும். உங்கள் மகள் முதல் வருடத்திலேயே அதைத் தொட்டுப் பழகட்டும்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். காலை ஏழரைக்கு நான் முதலில் போவது வார்டுக்கல்ல, கிச்சனுக்கு. நார்மல் டயட், உப்பில்லாதது, சர்க்கரை நோய்க்கானது, மென்மையான சாப்பாடு, திரவம் என்று தட்டுகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு தட்டிலும் வார்டு, படுக்கை எண் எழுதிய சீட்டு. உப்பில்லாத சாம்பாரை நான் ருசி பார்த்துத்தான் அனுப்புவேன். அவசரத்தில் கரண்டி மாறிவிடும். இதயம் வீங்கி மூச்சு வாங்குகிறவருக்கு அந்த ஒரு கரண்டி பெரிய விஷயம்.

இன்டர்ன்களுக்கு நான் முதல் வாரம் கொடுக்கும் வேலை எடை போடுவது. 100 கிராம் அரிசி வெந்தால் கிட்டத்தட்ட 250 முதல் 300 கிராம் சோறாகும் என்று அவர்கள் புத்தகத்தில் படித்திருப்பார்கள். ஆனால் எங்கள் கிச்சனில் பரிமாறும் அக்காவின் ஒரு கரண்டிச் சோறு எத்தனை கிராம்? தராசை எடுத்துக்கொண்டு போய் பத்துக் கரண்டி எடை போடச் சொல்வேன். அழுத்தி எடுத்தால் ஒரு எடை, உதிரியாக எடுத்தால் ஒரு எடை. ஒரு பிள்ளை வந்து, "மேடம், ரெண்டாவது கரண்டியிலருந்து அக்கா பாசத்துல கூடப் போடுறாங்க" என்றாள். அந்தப் பெண் நன்றாக வருவாள் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒன்பதரைக்கு மருத்துவர்களோடு ரவுண்ட்ஸ். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொருவரின் எடை, உயரம், கடந்த மாதங்களில் எவ்வளவு இளைத்திருக்கிறார், பசி எப்படி, விழுங்க முடிகிறதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். என்.ஏ.பி.எச். தரச் சான்று வாங்கும் மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனை கட்டாயம். எங்கள் தொழிலுக்கு வேலை வாய்ப்பு கூடியதற்கு அதுவும் ஒரு காரணம். பிறகு ஐ.சி.யூ. அங்கேதான் கணக்கு கடுமை. 60 கிலோ ஆள், மூக்கு வழியாக ட்யூப் போட்டிருக்கிறார் என்று வையுங்கள். கிலோவுக்கு 25 கலோரி என்றால் 1500. புரதம் கிலோவுக்கு 1.2 கிராம் என்றால் 72 கிராம். ட்யூபில் விடும் திரவ உணவில் (ஃபீட்) ஒரு மில்லிக்கு ஒரு கலோரி இருக்கும் என்றால் 1500 மில்லி. மணிக்கு ஏறக்குறைய 62 மில்லி. காகிதத்தில் இவ்வளவுதான். ஆனால் அவர் பத்து நாளாக எதுவும் சாப்பிடாமல் குடித்துக்கொண்டே இருந்தவர் என்றால் முதல் நாளே முழு அளவைக் கொடுக்க முடியாது. பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால் இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் சட்டென்று இறங்கும், இதயம் நின்றுகூடப் போகலாம். ஆகவே கொஞ்சமாகத் தொடங்கி, தினமும் இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். அதற்கும் முன்னால் மருத்துவர் தயாமின் (வைட்டமின் பி1) ஊசி போடச் சொல்வார். குன்னூர் அறையில் மெக்காரிசன் துரத்திய பெரிபெரி அந்தத் தயாமின் குறைவால் வருவதுதான். அரிசி தீட்டும்போது தவிட்டோடு போகும் சத்து.

மதியத்துக்குப் பிறகு ஓ.பி. சர்க்கரை நோய், கர்ப்பகாலச் சர்க்கரை, கொழுப்புக் கல்லீரல், ரத்தசோகை. இங்கேதான் கேட்கும் திறமைக்கு வேலை. "காலையில என்ன சாப்பிடுவீங்க ஐயா?" "ரெண்டே இட்லிம்மா." எந்த அளவு இட்லி என்று கையால் காட்டச் சொல்ல வேண்டும். தொட்டுக்க? பதினொரு மணிக்குக் கடைக்குப் போனால்? டீயோடு ஒரு வடை. டீயில் சர்க்கரை? "நாட்டுச் சர்க்கரைதான்மா, அது ஒண்ணும் பண்ணாது." ராத்திரி? "சோறே தொடுறதில்ல, கேழ்வரகுக் கஞ்சிதான்." கேழ்வரகு அருமையான தானியம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது; ஆனால் மாவுச்சத்தில் அரிசிக்குப் பெரிதாகக் குறைந்ததில்லை. நைசாக அரைத்து, கூழாகக் காய்ச்சி, ஒரு சொம்பு குடித்தால் சர்க்கரை விறுவிறுவென்று ஏறும். அதையே அடையாகத் தட்டி, முருங்கைக்கீரை போட்டு, கூடக் கொஞ்சம் கொண்டைக்கடலை வைத்துச் சாப்பிட்டால் நிதானமாக ஏறும். இதைத் திட்டாமல், பயமுறுத்தாமல் சொல்ல வேண்டும்.

நான் தொடக்கத்தில் செய்த ஒரு தவறை உங்கள் மகள் செய்யக் கூடாது என்பதால் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். கட்டட வேலைக்குப் போகும் ஒரு அம்மா, வயது ஐம்பது இருக்கும், சர்க்கரை முந்நூற்றுக்கு மேல். நான் அழகாக டைப் செய்த சார்ட் கொடுத்தேன். காலை ஓட்ஸ், பத்தரைக்கு ஆப்பிள், மதியம் சாலட், சாயங்காலம் க்ரீன் டீ. அவர் தலையை ஆட்டிக்கொண்டே வாங்கிக்கொண்டார். அடுத்த மாதம் சர்க்கரை அப்படியே. சுருக்குப் பையிலிருந்து எடுத்தார், நான் மடித்துக் கொடுத்த மடிப்புக்கூடக் கலையவில்லை. "எனக்குப் படிக்கத் தெரியாது பாப்பா. எம்பொண்ணு படிச்சுச் சொல்லுச்சு. இதெல்லாம் வாங்க நான் எங்க போவேன்?" என்றார், கோபமே இல்லாமல். அன்று எனக்கு உட்கார முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து கேட்டேன். விடியற்காலை ஐந்து மணிக்குப் பழைய சோறு, மதியம் தூக்குவாளியில் சோறும் புளிக்குழம்பும், ராத்திரி மறுபடி சோறு. ரேஷனில் அரிசி இலவசம். அரிசிதான் வயிற்றை நிரப்பும்.

நானும் அவரும் சேர்ந்து ரேஷன் கடையிலிருந்தே தொடங்கினோம். அங்கே 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு தருகிறார்கள். அதை விற்காமல் வீட்டிலேயே வைத்து தினமும் கெட்டியாகப் பருப்பு. இருக்கிற சோற்றில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் வேலை செய்யும் இடத்துக்குப் பக்கத்திலேயே முளைக்கும் கீரை, ஒரு முட்டை அல்லது கருவாடு. கருவாட்டை இரண்டு தண்ணீர் கழுவி உப்பை எடுக்கச் சொன்னேன். பழைய சோற்றை விடச் சொல்லவில்லை, அளவு டம்ளரில் காட்டினேன், கூட வேர்க்கடலைத் துவையல். காகிதத்தில் எழுதாமல் டம்ளரும் கரண்டியும் படமாக வரைந்து கொடுத்தேன். மூன்றாவது மாதம் இருநூறுக்குக் கீழே வந்தது. மருந்தை ஒழுங்காக எடுத்ததும் காரணம்தான். அதை நான் மறைக்க மாட்டேன். அன்றிலிருந்து ஒருவர் வீட்டில் யார் சமைக்கிறார், யார் கடைக்குப் போகிறார், கையில் எவ்வளவு காசு என்று தெரியாமல் நான் எதையும் எழுதுவதில்லை.

பத்தியம் என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். நம் ஆட்களுக்கு நோய்க்கும் சாப்பாட்டுக்கும் உறவு உண்டு என்று நாம் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெரியும். அதில் நல்லதும் இருக்கிறது, ஆளைக் கொல்வதும் இருக்கிறது. பிரசவித்த பெண்ணுக்குப் பால்சுறாப் புட்டும் பூண்டுக் குழம்பும் கொடுப்பதைப் பார்த்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். புரதம் அப்படியே கிடைக்கிறது. அதே வீட்டில் "தண்ணி குடிச்சா வயிறு தொங்கும்" என்று பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் மறுப்பார்கள். பால் கொடுக்கும் தாய்க்கு அது கொடுமை. கல்லீரல் கெட்டவர்கள் கதை இன்னும் மோசம். மஞ்சள் காமாலை என்றதும் எண்ணெய் கூடாது, பருப்பு கூடாது, முட்டை கூடாது, மோர்ச்சோறு மட்டும் என்று மாதக்கணக்கில் வைத்துவிடுவார்கள். கல்லீரல் சுருங்கிய நோயாளிக்கு உண்மையில் சாதாரண ஆளைவிடப் புரதம் கூடத் தேவை, கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை. ராத்திரி நெடுநேரம் வயிறு காலியாக இருக்கக் கூடாது என்று படுக்கும் முன்னாலும் கொஞ்சம் சாப்பிடச் சொல்கிறோம். கை கால் குச்சியாகி, வயிறு மட்டும் வீங்கி வருகிறவர்களைப் பார்த்தால் வயிறெரியும். அதற்காகப் பாட்டியிடம் போய் "உங்க பத்தியம் தப்பு" என்றால், நாம் திரும்பியதும் பழையபடிதான் நடக்கும். "பாட்டி, நீங்க சொல்ற மோர்ச்சோறு இருக்கட்டும். அதுகூட ஒரு பாசிப்பருப்புக் கடைசல் மட்டும் சேர்த்துக்குவோமா?" என்று கேட்டால் பாட்டி நம் பக்கம் வருவார். வீட்டுச் சாப்பாட்டில் கடைசி அதிகாரம் அவர் கையில்.

டயட்டீஷியன் நோயைக் கண்டுபிடிப்பவர் அல்ல, மருந்து எழுதுபவரும் அல்ல. அந்தக் கோட்டைத் தாண்டவே கூடாது. ஆனால் மருந்தும் சாப்பாடும் எங்கே மோதும் என்று தெரிந்திருக்க வேண்டும். இரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர் ஒரு வாரம் கீரையே தொடாமல், அடுத்த வாரம் தினமும் கீரை என்று மாற்றிச் சாப்பிட்டால் மருந்தின் அளவே குழம்பிப்போகும். இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்கினால் பாதி வீண். எலுமிச்சைச் சாறோடு என்றால் நன்றாக ஏறும். இந்த மாதிரி விஷயங்களை மருத்துவர் சொல்ல நேரமிருக்காது. நாம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனை பிடிக்கவில்லை என்றால் வெளியிலும் வேலை உண்டு. உணவு நிறுவனங்களில் லேபிள், புதுப் பொருள் உருவாக்கம், விளையாட்டு வீரர்களுக்கு, கல்லூரிகளில் ஆசிரியர் வேலை, சொந்த கிளினிக். எனக்கு மனதுக்கு நெருக்கமானது சமுதாய ஊட்டச்சத்து. 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவு, 2022-இல் வந்த காலை உணவுத் திட்டம், 1975 முதல் நடக்கும் அங்கன்வாடித் திட்டம் என்று இவ்வளவு பெரிய அளவில் குழந்தைகளுக்குச் சமைத்துப் போடும் மாநிலத்தில் இந்தப் படிப்புக்கு வேலையில்லாமல் போகாது. ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தையின் மேற்கையில் ஒரு நாடாவைச் சுற்றிப் பார்த்தால், 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு. கடும் ஊட்டச்சத்துக் குறைவு என்று பொருள். அந்த நாடாவைப் பிடிக்கத் தெரிந்த ஒருவர் ஒரு கிராமத்தில் எத்தனை உயிரைக் காப்பாற்றுவார் என்று நினைத்துப் பாருங்கள்.

சம்பளத்தை மறைக்காமல் சொல்கிறேன். தொடக்கத்தில் குறைவு. மாதம் 20,000 ரூபாய்க்கும் கீழே தொடங்கியவர்கள் என்னோடு வேலை பார்க்கிறார்கள். அரசு மருத்துவமனைகளில் பணியிடங்கள் கொஞ்சம்தான். ஆர்.டி. தேர்வு, சிறுநீரகம், புற்றுநோய், குழந்தைகள் நலம், ஐ.சி.யூ. போல ஒரு பிரிவில் நாலைந்து வருட அனுபவம் இரண்டும் சேர்ந்தால் நிலைமை மாறுகிறது. வெளிநாட்டுக் கனவு இருந்தால் முன்கூட்டியே திட்டமிடுங்கள். பிரிட்டனில் 'டயட்டீஷியன்' என்பது சட்டப் பாதுகாப்புள்ள பட்டம். அரசுப் பதிவு இல்லாமல் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுகலை வேண்டும். இரண்டு இடங்களிலும் நம் பட்டத்தை அப்படியே ஏற்க மாட்டார்கள்.

வேலையின் பாரமும் தெரிந்திருக்கட்டும். மருத்துவர் சொன்னால் தலையாட்டுகிறவர்கள் நாம் சொன்னால் "யூடியூப்ல வேற மாதிரி சொல்றாங்களே" என்பார்கள். பவுடர் டப்பா விற்கிறவர்கள் கமிஷன் தருகிறேன் என்று வருவார்கள். வாங்கவே கூடாது, ஒரு முறை வாங்கினால் பிறகு நம் வாயிலிருந்து வரும் எந்தச் சொல்லுக்கும் மதிப்பிருக்காது. புற்றுநோய் முற்றியவரின் மனைவி "இன்னும் என்ன கொடுத்தா தேறுவாரு?" என்று கையைப் பிடித்துக்கொள்வார். அப்போது கலோரிக் கணக்கு பேசக் கூடாது. அவருக்குப் பிடித்தது எது என்று கேட்டு, இரண்டு வாய் என்றாலும் அதைக் கொடுக்கச் சொல்வதுதான் அந்த நேரத்து உணவியல்.

மருத்துவ இடம் கிடைக்காததால் இதற்கு வருகிறாள் என்பதில் எனக்குச் சங்கடமில்லை. என்னோடு படித்தவர்களில் பாதிப்பேர் அப்படி வந்தவர்கள்தான். ஆனால் இரண்டாந்தர டாக்டர் என்ற நினைப்போடு வந்தால் முதல் வருடத்திலேயே சலித்துவிடும். இது தனி வேலை. மனிதர்களோடு பேசப் பிடிக்க வேண்டும், சமைக்கப் பிடிக்க வேண்டும், அடுத்த வீட்டுச் சாப்பாட்டை முகம் சுளிக்காமல் பார்க்கத் தெரிய வேண்டும். வேலூருக்கும் சென்னைக்கும் சிகிச்சைக்காக வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் எத்தனையோ பேர் வருகிறார்கள். கடுகெண்ணெயில் பொரித்த மீன் இல்லாமல் சோறு இறங்காதவருக்கு இட்லியை நீட்டினால் அவர் எப்படித் தேறுவார்? மாட்டிறைச்சி சாப்பிடுகிறவர், பன்றி சாப்பிடுகிறவர், வெங்காயம்கூடச் சேர்க்காதவர் எல்லாரும் நம் முன்னால் அதே நாற்காலியில் உட்காருவார்கள்.

கல்லூரி திறக்க இன்னும் நாள் இருக்கும். அதற்குள் அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ வயதானவர் ஒருவர் மூன்று நாள் சாப்பிடுவதை முழுக்க எழுதட்டும். நேரம், என்ன, எத்தனை கரண்டி, எந்த டம்ளர், யார் பரிமாறினார்கள். குறை சொல்லாமல், திருத்தாமல் எழுத வேண்டும். மூன்றாம் நாள் ராத்திரி நோட்டை மூடிவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை கொஞ்சம் பேசட்டும். அப்புறம் ஒரு தடவை கேட்கட்டும்: "வேற என்ன பாட்டி சாப்ட்டீங்க?" நோட்டில் இல்லாத ஏதாவது ஒன்று வெளியே வரும். அதைக் கேட்டு அவளுக்கு ஆர்வம் வந்தால் விண்ணப்பம் வாங்குங்கள்.